எழுபத்து நான்கில் நின்ற நாடி

எங்கள் குழுத்தலைவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்ததே நான்தான். யார் எழுதிய நிரலானாலும் பாதியை வெட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இத்தனை நாள் சிரித்துக்கொண்டே பொறுத்துப் போனேன். இந்த முறை எதை வெட்டியிருக்கிறார் என்று பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

நாங்கள் செய்வது நோயாளியின் நாடித்துடிப்பைக் கட்டிலோரத்தில் காட்டும் மானிட்டர். அதன் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள், விரலில் மாட்டும் கிளிப்பிலிருந்து துடிப்பை வாங்கும் பகுதி என்னுடையது. வருகிற துடிப்பை வைக்கக் கர்னலிடம் கொஞ்சம் மெமரி கேட்க வேண்டும். இருந்தால் தரும், இல்லாவிட்டால் கையை விரித்துவிடும். கையை விரித்தால் திரையில் எண்ணை அழித்துவிட்டு அலாரம் அடி என்று எழுதியிருந்தேன். அதைத்தான் மனுஷன் வெட்டியிருந்தார். பதிலுக்கு, கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே நில் என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்.

“இத்துனூண்டு மெமரி கேட்டா கர்னல் இல்லைன்னே சொல்லாதும்மா. நடக்காத விஷயத்துக்கு எதுக்கு இத்தனை வரி?”

நடக்காதாம். என் பகுதி, நடுவில் வேறெதுவும் குறுக்கிடாதபடி ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டுதான் மெமரி கேட்கிறது. மெமரியை விடுவிக்க வேண்டிய பகுதியோ அதே பூட்டு திறக்கட்டும் என்று நிற்கும். மெமரி வரட்டும் என்று இது, பூட்டு திறக்கட்டும் என்று அது, இரண்டும் அப்படியே நின்றுவிடும். திரையில் கடைசி எண் மட்டும் ஜம்மென்று ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

இந்த மானிட்டர்கள் முதலில் போகிற மருத்துவமனையில்தான் என் அப்பாவுக்கு அடுத்த வாரம் இதய ஆபரேஷன். என் ஒப்புதல் இல்லாமல் பெட்டிகள் கிளம்பாது. அதற்காகக் கத்தரி காலையிலிருந்து என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

மானிட்டரைத் தூக்கிப்போய் மேலாளரின் மேசைமேல் வைத்தேன். கத்தரியும் பின்னாலேயே வந்தார்.

“சார், விரலைக் கொடுங்க.”

கத்தரியின் விரலில் கிளிப்பை மாட்டினேன். எழுபத்து நான்கு. மெமரியை விழுங்கும் சோதனை நிரலை ஓடவிட்டேன். கொஞ்சம் பொறுத்துக் கிளிப்பைக் கழற்றி மேசையில் போட்டேன். எழுபத்து நான்கு. கத்தரி திரையைத் தட்டிப் பார்த்தார். அப்போதும் எழுபத்து நான்குதான்.

“நீங்க போய்ச் சேர்ந்தாச்சு சார். இது இன்னும் நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொல்லுது” என்றேன்.

மேலாளரின் முகம் சுண்டியது. “நீங்க வேணும்னே மெமரியைத் தீர்த்துட்டுக் காட்டுறீங்க. வார்டுல யார் இப்படிப் பண்ணப்போறா?”

“யாரும் பண்ண வேணாம் சார். அணைக்காம ஓடிட்டே இருந்தா ஒருநாள் தானாவே தீரும். வார்டுல யார் அணைப்பாங்க?”

கத்தரி நாற்காலியில் உட்கார்ந்து விரலைத் தடவிக்கொண்டிருந்தார். மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலும் தணிந்திருந்தது.

“அப்பா விஷயம் கேள்விப்பட்டேன். உங்க கவலை புரியுது. அவர் கட்டிலுக்கு மட்டும் பழைய மானிட்டரையே வைக்கச் சொல்லிடறேன். நீங்க ஒப்புதலைப் போட்டுடுங்க.”

பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடுதான் சொன்னார். அப்படியென்றால் நான் சொன்னதை நம்பிவிட்டார். நம்பிய பிறகும் வாய் கூசாமல் கேட்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“பக்கத்துக் கட்டில்ல யாரோட அப்பா சார் படுத்திருப்பார்?”

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் போனில் ஒப்புதல் பக்கத்தைத் திறந்து நிராகரிப்பை அழுத்தினேன்.