திறக்காத பை

அந்தப் பை கனமாகத் தொங்கியதை அன்றைக்கே நான் கவனித்தேனா, அல்லது பிறகு நடந்ததிலிருந்து அந்தக் கனத்தை எடுத்து நானே அதற்குள் வைத்துவிட்டேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மற்றதைச் சொல்ல முடியும். அந்த ஒன்றை மட்டும் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பாட்டும் ஆட்டமும் நடக்கும் மதுக்கூடத்தின் வாசலில் நான் பாதுகாவலராக இருந்தேன். பெண்களின் பைகளைத் திறந்து பார்ப்பது என் வேலை. ஆண்களை அசோக் பார்த்துக்கொள்வான். ஜோகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி வருபவன், இருபத்தேழு வயது. உலோகம் பட்டால் ஒலி எழுப்பும் கோலை உடம்பில் தடவி, பெல்ட்டையும் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுவான். ஆணோ பெண்ணோ, சோதித்த பையின் வாரில் ஒரு பச்சைத் தாள் பட்டையை ஒட்டவேண்டும். பச்சை இல்லாத பை உள்ளே போகக்கூடாது. நான் ஒட்டும்போது பட்டையின் நுனியைச் சிறிது உள்பக்கமாக மடித்துவிடுவேன். வீட்டுக்குப் போய் உரிக்கும்போது பையின் தோல் கெடாது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆள் வராத நேரத்தில் நூலகப் புத்தகம் ஒன்றை எடுத்துவைத்துப் படிப்பேன்.

"கதையில இன்னிக்கு யார் செத்தா, அக்கா?" என்பான் அசோக்.

"யாரும் சாகலை."

"அப்ப எதுக்கு மூஞ்சி அப்படி இருக்கு?"

அந்தச் சனிக்கிழமை பத்து மணிவாக்கில் வரிசையில் கவிப்ரியா நின்றிருந்தாள். சுவா சூ காங்கில் என் வீட்டிலிருந்து நாலு கதவு தள்ளி அவள் வீடு. அம்மா வைதேகி ஒரு பாலர் பள்ளியில் சமைக்கிறவள். கவிப்ரியா தொடக்கப்பள்ளிச் சீருடையில் மின்தூக்கிக்குள் ஓடிவந்த நாளிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். இப்போது பத்தொன்பது வயது. அவள் போட்டிருந்த உடையை அவள் அம்மா பார்த்திருக்க மாட்டாள்.

"ஆண்டி," என்றாள்.

நம்மவர்கள் அந்த இடத்தில் எதைச் செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். அவளைப் பார்க்காதவள்போல் ஆகிவிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்க்கவில்லை, பையையும் பார்க்கவில்லை. பையைத் திறந்தால் அம்மாவிடம் அவள் மறைப்பது எதுவோ என் கண்முன் வந்துவிடும். பிறகு மின்தூக்கியில் வைதேகியோடு எப்படி நிற்பது? ஒரு பட்டையைக் கிழித்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்த பெண்ணின் பக்கம் திரும்பினேன். அதை ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் கழித்து உள்ளே அலறல் கேட்டது. மேடைக்குப் பக்கத்து மேசைக்காக இரண்டு கூட்டத்துக்கு வாய்த்தகராறு. விலக்கிவிடப் போன பரிமாறுகிறவர் அப்துல் அலீமின் கையில் வெட்டு. கத்தியைப் பிடித்திருந்தவன் ராஜீவ் என்ற இளைஞன். அவனோடு வந்தவள் கவிப்ரியா என்பது அந்தக் கூட்டம் சிதறி ஓடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் பை இல்லாமல் ஓடினாள்.

ராஜீவ் அங்கேயே பிடிபட்டான். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்ததாகப் போலீசிடம் சொன்னான். இடுப்பில் என்றால் அது அசோக் பார்த்திருக்க வேண்டிய இடம்.

மதுக்கூடம் மூடப்பட்டது. வாசல் பாதுகாப்பில் குறை இருந்ததால் மதுபான உரிமத்தை மறுபரிசீலனை செய்யப்போவதாகக் கடிதம் வந்தது. வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்து விளக்கம் தரவேண்டும். எனக்குப் பத்து நாள் தள்ளித் தேதி.

முதலாளி ரத்னவேல் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆனாலும் மேடைக்குப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.

"உக்காருங்க அக்கா. ஒண்ணுமில்லை. வந்த எல்லாப் பையையும் பார்த்தேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"அப்ப கத்தி எப்படி வந்துச்சு?"

"இடுப்புல வச்சிருந்தேன்னு அவனே சொல்லிட்டான். அது அசோக் பாடு. அவன் பாலம் தாண்டி அந்தப் பக்கம் போனா வேற வேலை பார்த்துக்குவான் லா."

"சனிக்கிழமைக்கு ரெண்டு பெண் காவலர் இருக்கணும்னு லைசென்ஸ்லயே இருக்குங்களே."

அவர் வருகைப் புத்தகத்தை எடுத்து விரித்தார். இரண்டாவது பெண் கண்மணி ஜூன் மாதமே வேலையை விட்டுவிட்டாள். வருகைப் புத்தகத்தில் அவள் பெயர் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. வாசல் கேமராவின் பதிவுப்பெட்டி பழுதாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"புத்தகத்துல ரெண்டு பேர் இருக்கு," என்றார். "நீங்க புத்தகத்தைத்தானே நம்பணும்? எப்பப் பார்த்தாலும் புத்தகம் படிக்கிறவங்க."

சிரித்தார். நானும் சிரித்ததாக நினைவு.

அதற்கடுத்த நாள் மின்தூக்கியில் வைதேகி, "கவிக்கு மூணு நாளா காய்ச்சல், சந்திரா. வேலை முடிஞ்சு வரும்போது தேக்கா மார்க்கெட்டுல நாரத்தங்காய் கிடைச்சா வாங்கிட்டு வாங்களேன்," என்றாள். வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. வாங்கிக்கொடுத்தேன். கதவைத் திறந்தது கவிப்ரியா. காயை வாங்கிக்கொண்டவள், அம்மா குளிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னோடு மாடிப்படிக்கட்டுக்கு வந்தாள்.

"ராஜீவ்தான் டவல்ல சுத்திக் குடுத்தான் ஆண்டி. உன் பையைப் பெருசா பாக்க மாட்டாங்கன்னான். நான் பிரிச்சுப் பாக்கலை. உண்மையா."

நான் படிக்கட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க சொல்லாதீங்க. நான் மாட்டக்கூடாதுன்னுதான் அவன் இடுப்புன்னு சொல்லியிருக்கான். அவன் கூட்டாளிங்க நீங்க யாருன்னு கேட்டாங்க. எங்க இருக்கீங்கன்னு."

"சொன்னியா?"

அவள் வீட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கீழே எங்கோ யாரோ மிளகாய் வறுத்தார்கள். நெடி படியேறி வந்தது.

"மாடி மட்டும் சொன்னேன்," என்றாள். "கதவு நம்பர் சொல்லலை."

என் மாடியில் எட்டு வீடுகள்தான்.

அன்றிலிருந்து நான் காது மட்டுமாக ஆகிவிட்டேன். கணவர் போய் ஆறு ஆண்டுகளாகின்றன. தனியாக இருப்பது எனக்குப் பழகிப்போனது, பிடித்தும் இருந்தது. இப்போது அதே அமைதிக்குள் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மின்தூக்கி என் மாடியில் நிற்கும் ஒலி, அதன் கதவு திறக்கும் ஒலி, அதற்குப்பின் காலடிகள். காலடி கேட்டால் பயம். கேட்காவிட்டால், இறங்கியவர் அங்கேயே நிற்கிறாரோ என்று பயம். புத்தகத்தில் ஒரே பக்கத்தை நாலு நாள் படித்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கல்மேசையில் இரண்டு பேர் சாயங்காலங்களில் உட்கார்ந்து தொலைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலிடெக்னிக் மாணவர்களாகவும் இருக்கலாம். நான் கடக்கும்போது அவர்கள் நிமிரவில்லை. நிமிராததுதான் என்னை உறுத்தியது. பார்க்காததுபோல் இருப்பது எப்படியென்று எனக்குத் தெரியும்.

விளக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு காலை பதினோரு மணிக்கு என் வீட்டு இரும்புக்கதவு ஒருமுறை ஆடியது. நான் சமையலறையில் அசையாமல் நின்றேன். அடுப்பை அணைத்தால் சத்தம் கேட்குமென்று அதைக்கூட அணைக்கவில்லை. ரசம் பொங்கி வழிந்தது. மின்தூக்கி கீழே போன பிறகு கதவைத் திறந்தேன்.

பூட்டின்மேல் ஒரு பச்சைப் பட்டை ஒட்டியிருந்தது.

எங்கள் வாசலில் கிழிக்கிற பட்டைதான். அன்று ராஜீவின் கூட்டாளிகள் பைகளில் அசோக் ஒட்டியதாக இருக்கும். அதை உரிக்க நகம் பிடிக்கவில்லை. முழுதாக வரவும் இல்லை. ஓரம் பூட்டிலேயே தங்கிவிட்டது. போலீசைக் கூப்பிட்டால் பட்டையின் கதையைச் சொல்லவேண்டும். பட்டையைச் சொன்னால் பையைச் சொல்லவேண்டும். கூப்பிடவில்லை. எல்லாப் பையையும் பார்த்தேன் என்று சொல்லிவிடுவதென்று அன்றிரவு தீர்மானித்தேன். தீர்மானித்ததும் தூக்கம் வந்தது. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

உரிமப் பிரிவு அலுவலகத்தில் எனக்கு முன்னால் அசோக் வந்து உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, பளபளவென்று துடைத்த காலணி. கல்யாணத்துக்குப் போகிறவன்போல் இருந்தான்.

"புத்தகம் கொண்டுவரலையா அக்கா?"

"இல்லை."

"நல்லதுதான். இங்க யாராச்சும் செத்தா எனக்குத் தாங்காது." சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "அந்த ராஜீவை ரெண்டு தடவை தடவினேன் அக்கா. பெல்ட்டைக் கழட்டச் சொன்னேன். கழட்டினான். அது நல்லா ஞாபகம் இருக்கு."

நான் தலையாட்டினேன்.

சுவரில் கடிகாரம் இருந்தது. ஆனால் சத்தம் இல்லாத கடிகாரம்.

"பத்து நாளா யோசிச்சுப் பாக்கறேன்," என்றான். குரல் இறங்கியிருந்தது. "ஞாபகம் இருக்குன்னுதான் நினைச்சேன். கழட்டினது அவன்தானா, அவனுக்கு முன்னால வந்தவனா? அவனே இடுப்புலதான் இருந்துச்சுங்கறான். அவன் ஏன் பொய் சொல்லணும்? நான்தான் விட்டுட்டேன் போல அக்கா. அந்த அலீம் அண்ணன் கைக்கு நான்தான் காரணம். உள்ள போய் அப்படியே சொல்லிடப் போறேன்."

கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். முதலில் நான்.

விசாரித்த அதிகாரி சிவானி என்ற பெண். என் மகள் வயது என்று சொல்லலாம், எனக்கு மகள் இருந்திருந்தால். மேசையில் வருகைப் புத்தகமும் சில படங்களும் இருந்தன.

"மேடம், ஸ்லோவா சொல்லுங்க, அவசரமில்லை. அன்னைக்கு நீங்க எல்லா பேக்கும் திறந்து பார்த்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு படத்தை என் பக்கம் தள்ளினார். யாரும் திரும்பக் கேட்டு வராத பை. கறுப்பு. உள்ளே ஒரு துண்டு மட்டும் இருந்ததாம். வாரில் பச்சைப் பட்டை.

"இதுவும் நீங்க செக் பண்ணதுதானே? டேக் இருக்கு."

படத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோனேன். பட்டை கோணலாக, அவசரமாக ஒட்டப்பட்டிருந்தது. நுனியில் மடிப்பு இல்லை.

அதை அந்த அறையில் வேறு யாராலும் படிக்க முடியாது. ஆமாம் என்று சொன்னால் அதோடு முடிந்தது. பூட்டில் தங்கிப்போன பட்டையின் ஓரம் நினைவுக்கு வந்தது, எட்டு கதவுகள் உள்ள நடைபாதை வந்தது, வைதேகியின் நாரத்தங்காய் வந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் ஒருவன் தான் செய்த வேலையைச் செய்யவில்லை என்று நம்பத் தொடங்கியிருந்தான். அவனை அப்படி நம்பவைத்தது ராஜீவின் பொய் மட்டுமல்ல. பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்ததைச் சொல்லாமல் நான் வெறுமனே தலையாட்டியதும்தான்.

படத்தை மேசைமேல் திரும்ப வைத்தேன்.

"பட்டை என்னோடது," என்றேன். "ஒட்டினது நானில்லை."

"புரியலை மேடம்."

"இந்தப் பையை நான் திறக்கலை. தெரிஞ்ச பொண்ணு. பட்டையைக் கையில குடுத்து விட்டுட்டேன். அசோக் ராஜீவைச் சரியாத்தான் பார்த்தான். அவன்கிட்ட அப்ப ஒண்ணும் இல்லை."

"அந்தப் பொண்ணு பேரு?"

சொன்னேன். மாடியையும் சொன்னேன், கதவு எண்ணையும் சொன்னேன். கண்மணியைப் பற்றி, பதிவுப்பெட்டியைப் பற்றி, என் பூட்டில் இருந்ததைப் பற்றி. சொல்லச் சொல்லப் பயம் குறையுமென்று படித்திருக்கிறேன். எனக்குக் குறையவில்லை.

வெளியே வந்தபோது அசோக் எழுந்து நின்றான்.

"நீ பார்த்தே," என்றேன். "பெல்ட்டைக் கழட்டினது அவன்தான்."

மதுக்கூடத்தின் உரிமம் ரத்தானது. ரத்னவேல் இடத்தை விட்டுவிட்டு இப்போது விசேஷங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் தொழில் செய்கிறார். ராஜீவுக்குச் சிறையும் பிரம்படியும் கிடைத்தன. என் பூட்டில் பட்டையை ஒட்டிய அவன் கூட்டாளிகள் இருவரைப் போலீசார் பிடித்தார்கள். ஒருவனுக்குச் சிறை, ஒருவன் எச்சரிக்கையோடு வெளியே வந்தான். அப்துல் அலீமுக்கு இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. ஒரு பிரியாணிக் கடையில் பணம் வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கவிப்ரியா நன்னடத்தைக் கண்காணிப்பில் இரண்டு ஆண்டுகள் இருந்தாள். வைதேகி வீட்டை விற்றுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு பொங்கோலுக்குப் போய்விட்டாள். போவதற்கு முந்தைய நாள்கூட மின்தூக்கியில் என்னைப் பார்க்காததுபோல் நின்றாள். அசோக் புக்கிட் பாத்தோக்கில் கொண்டோமினியம் என்கிற தனியார் அடுக்குமாடி ஒன்றின் வாசலில் வேலை செய்கிறான். என் பாதுகாவலர் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நான் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறேன், அதே வீட்டில்தான் இருக்கிறேன், இரும்புக்கதவுக்கு இரண்டு பூட்டு போடுகிறேன்.