உச்சி வெயிலில் பனி

வல்லத்துக்குத் தெற்கே, ஆற்றுப் பாசனம் ஏறாத செம்மண் மேட்டுக்கு ஈஸ்வரி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணாகப் போய், என்ன பயிர் என்று செல்போனில் பதிந்து படம் அனுப்புவது அவளுக்கு அந்தத் தை மாதம் கிடைத்திருந்த வேலை. காலையிலிருந்து நெல், நெல் என்றே பதிந்து அலுத்திருந்தாள். இங்கே அதுவும் இல்லை. தரிசு என்று போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். படம் எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

ரூபாய் நாணயம் அளவில் ஒரு சிவப்புச் செடி, தரையோடு தரையாக விரிந்து கிடந்தது. கரண்டி வடிவத்தில் குட்டி இலைகள், இலை முழுக்க மயிரிழைகள், ஒவ்வொரு இழை நுனியிலும் ஒரு துளி பனி. புல்லில் இருந்த பனி எட்டு மணிக்கே காய்ந்திருந்தது. இது மட்டும் கொளுத்தும் வெயிலில் மினுங்கியது. தொட்டுப் பார்த்தாள். துளி உதிராமல் பசையாக நூலிழுத்தது.

நிலத்தை வாங்கியிருந்த நெய்னா முகம்மது வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். மனை போடுவதற்காக மறுநாள் மண்ணடிக்க லாரி சொல்லியிருந்தார். அவருக்கும் செடியின் பெயர் தெரியவில்லை. கூட நின்று பார்த்தவர், கைலியை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஈஸ்வரி, தன்னோடு கல்லூரியில் படித்த ஃபஹ்மிதாவுக்குப் படம் அனுப்பினாள். திருவாரூரில் தாவரவியல் நடத்துகிறவள் அவள். உடனே போன் வந்தது. ஈஸ்வரி ஸ்பீக்கரில் போட்டாள்.

“பேரை அப்புறம் சொல்றேன்டி. பூச்சி ஒட்டியிருக்கிற இலை ஒண்ணு இருக்கா பாரு. கண்ணெடுக்காமப் பாரு.”

இருந்தது. எள்ளளவு கொசு ஒன்று துளியில் சிக்கித் துடித்தது. பக்கத்து இழை மெல்லச் சாய்ந்தது. அடுத்தது சாய்ந்தது. காற்றே இல்லை. ஒவ்வொன்றாக, உள்ளங்கையை மூடும் விரல்கள்போல, எல்லா இழைகளும் அந்தக் கொசுவின்மேல் வந்து படிந்தன. கொசுவின் இறக்கை நின்றது. ஈஸ்வரியின் கை மயிர் சிலிர்த்திருந்தது.

“இதுக்குக் கண்ணு இருக்காம்மா?” என்றார் நெய்னா முகம்மது, தணிந்த குரலில்.

அழுகண்ணி என்றாள் ஃபஹ்மிதா. சத்தில்லாத மண்ணில்தான் அது வருமாம். வேருக்குக் கிடைக்காததைப் பூச்சி பிடித்துத் தின்று ஈடுகட்டிக்கொள்ளுமாம்.

“கடலை போட்டோம், எள்ளு போட்டோம், ஒண்ணும் வரலைன்னு சொல்லித்தாங்க எனக்கு வித்தாங்க” என்றார் அவர். லாரிக்காரருக்குப் போன் செய்து, இந்த மூலையை விட்டுவிடச் சொல்ல எழுந்தவர், எண்ணை அழுத்தாமல் நின்றார். ஈஸ்வரியும் அவர் பார்த்த பக்கம் திரும்பினாள்.

மேடு முழுக்கச் சிவந்து கிடந்தது. இத்தனை நேரம் செம்மண் என்று நினைத்தது பாதி மண்ணே இல்லை. எட்டிய தூரம்வரை பனி மினுங்கியது.

நாளைக்கு வர வேண்டாம் என்று மட்டும் அவர் போனில் சொன்னார். பிறகு இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். சாலைக்கு இருபது அடிகூட இல்லை. காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து, அதைக் கடக்க வெகுநேரம் பிடித்தது.