மூணாம் கூண்டு, அஞ்சாம் கூண்டு

பியோ ஜின்சோக்கை எனக்கு முதல் நாள்ல இருந்தே பிடிக்கல. மீன்வள ஆய்வு நிலையத்துல இருந்து ஊசியோட வந்து இறங்கினவன். எங்கிட்ட இருந்தது கடல்ல பன்னிரண்டு கூண்டு அபலோன். மூணு வருஷமா மழை, பனின்னு பார்க்காம கடல்பாசி போட்டு வளர்த்த கடல் நத்தைங்க. அதுங்க போச்சுன்னா நானும் போனேன்.

"அக்கா, நம்ம மாதிரி நோயை ஞாபகம் வச்சுக்கற ரத்தம் இதுங்களுக்குக் கிடையாது. கிருமி வந்தா ரத்த அணு நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவை விடும். கிருமி அதுலயே செத்துடும்"னான். அபலோன்ல இருந்து ஊசியால எடுத்த ரத்தத்துல கிருமியைக் கலந்து, கொஞ்ச நேரம் கழிச்சு மருந்து விடுவான். வாயு வந்திருந்தா ரோஸ் கலராகும், வரலைன்னா தண்ணி மாதிரியே நிக்கும். "இந்த வருஷம் கடல் சூடாகப் போகுது. கலர் வராத கூண்டை உடனே தூக்கி வித்துடுங்க."

வித்துடணுமாம்! யாருகிட்ட? எங்க நோஹ்வா தீவுல முழுசா வளராத அபலோனை அடிமாட்டு விலைக்கு வாங்கற ஒரே ஆள் வியாபாரி மா தேசிக். போன வாரம்தான் இவனும் மாவும் ஒரே மேசையில சோஜு சாராயம் குடிச்சதை என் கண்ணாலயே பார்த்தேன். யாருக்குக் காது குத்தறீங்க?

மறுநாள் விடிஞ்சதும் மூணாம் கூண்டுல இருந்து பன்னிரண்டு அபலோன் எடுத்தேன். ஆறை அப்பவே அவன்கிட்ட குடுத்தேன். மீதி ஆறைப் படகுல இருந்த தொட்டியில போட்டு மூடி வச்சேன். மத்தியானம் அதையே துறையில இருந்த அவன்கிட்ட கொண்டுபோய், "இது அஞ்சாம் கூண்டு"ன்னேன்.

"நேரா கூண்டுல இருந்துதானே எடுத்தீங்க?"

"பின்ன, சந்தையிலயா வாங்கினேன்?"

காலையில குடுத்தது அழகா ரோஸ் கலர். மத்தியானம் குடுத்தது வெறும் தண்ணி மாதிரியே நின்னுது. "மூணு நல்லா இருக்கு அக்கா. அஞ்சு தாங்காது, தூக்கிடுங்க"ன்னான்.

வந்துதே எனக்கு ஆத்திரம்! "ரெண்டும் ஒரே கூண்டுடா! மா எவ்வளவு தரேன்னான் உனக்கு?" துறையில நின்ன அத்தனை பேர் முன்னாடியும் கத்தினேன். அவன் முகம் வெளுத்துப்போச்சு. ஏதோ கேக்க வாயெடுத்தான். "போடா"ன்னு அவன் பெட்டியைத் தூக்கிக் கரையில வச்சேன். யாரும் கூண்டைத் தூக்கக் கூடாதுன்னு பக்கத்துக் கூண்டுக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன். அன்னைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

பத்து நாள் கழிச்சு மூணாம் கூண்டைத் தூக்கிப் பார்த்தேன். ஏழெட்டு அபலோன் பிடி விட்டு அடியில கிடந்துது. தொட்டா சுருங்கல. வேற வழியில்லாம பியோவுக்கு போன் போட்டேன்.

"தம்பி, அன்னைக்கு அஞ்சாம் கூண்டுன்னு குடுத்த ஆறை நான் நேரா கொண்டு வரல. காலையிலயே எடுத்து மத்தியானம் வரைக்கும் தொட்டியில வச்சிருந்தேன்."

திட்டுவான்னு பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"தொட்டித் தண்ணி எவ்வளவு சூடு இருந்துது அக்கா?"

தொட்டியில தொங்கின வெப்பமானியை அன்னைக்குப் பார்த்திருந்தேன். "இருபத்தெட்டு."

"அந்தச் சூட்டுலதான் அதுங்க ரத்தத்துல வாயு வராம போயிருக்கு. இப்ப கடல்ல எவ்வளவு?"

கயித்துல கட்டி கடல்ல இறக்கியிருந்த வெப்பமானியை மேல இழுத்தேன். ரெண்டு தடவை துடைச்சுப் பார்த்தேன்.

"இருபத்தெட்டு."

"அப்ப இனி எந்தக் கூண்டும் கிருமியைத் தாங்காது, எல்லாத்தையும் உடனே தூக்கணும். மா தேசிக் கிட்டதான் பெரிய படகு இருக்கு. நான் பேசட்டுமா?" அவன் குரல்ல கோபமே இல்ல.

"வேணாம் தம்பி. அவரைத் திருடன்னு சொன்ன வாய் இது. நானே கேக்கறேன்."

மா அன்னைக்கே படகைக் கொண்டு வந்தார். ஏழு கூண்டைத்தான் உயிரோட தூக்க முடிஞ்சுது. மூணாம் கூண்டு அதுல இல்ல.