கோலி உருண்ட தூரம்

கீரப்பாளையம் ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டு ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு இயக்கம் முறைப்படி தொடங்கியது என்பதை உலகம் அறியக் கடவது. அதற்கு முன்பும் பொருட்கள் உருண்டன. ஆனால் படிவம் இல்லாமல் உருண்டன.

தொடங்கி வைத்தவர் கருத்தாளர் தில்லைநாதன். நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். அன்று இருபத்து நான்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வந்திருந்தார். பிள்ளைகளைத் தாமே பார்த்து, அளந்து, எழுதி, ஒரு முடிவுக்கு வரப் பழக்குவது எப்படி என்பது பயிற்சி. மூன்று மணிக்குக் கடலூரிலிருந்து அதிகாரி அன்பரசு வருவார். அவருக்குப் பிடித்துவிட்டால் தில்லைநாதன் மாநிலக் கருத்தாளர். சென்னைக்கே போய்ப் பேசலாம். பிடித்துவிடும் என்ற நம்பிக்கையில் சிதம்பரம் கீழவீதியில் சூட்கேஸ்கூட வாங்கியாயிற்று.

சோதனை எளிது. ஒரு புத்தகத்தின் மீது ஓர் அட்டையைச் சாய்த்து வைத்துக் கோலியை விட வேண்டும். தரையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளக்க வேண்டும். பிறகு இரண்டு புத்தகம், மூன்று புத்தகம். பயிற்சிக் கையேட்டில் விடையும் இருந்தது: நாற்பது, எண்பது, நூற்றிருபது சென்டிமீட்டர்.

கோலி கையேட்டைப் படித்ததில்லை. ஒரு புத்தகத்துக்கே வாசலைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிற்று.

இருபத்து மூன்று பேர் அனுபவசாலிகள். கோலியைப் பொறுக்கி வருவதற்குள் கையேட்டைப் பார்த்து எழுதி முடித்து, டீ எப்போது வரும் என்று கேட்டார்கள். அமிர்தம் டீச்சரின் தாளில் மட்டும் வேறு மாதிரி இருந்தது: "ஒன்று: வாசல் தாண்டியது. இரண்டு: வாசல் தாண்டியது. மூன்று: வாசல் தாண்டியது, இன்னும் வேகமாக."

"என்னா டீச்சர் இது?"

"பாத்தத எழுதச் சொன்னீங்களே சார்."

"வெளிய போனதயெல்லாம் எதுக்குப் பாக்குறீங்க?"

"தரை சரிவா இருக்கு சார். கழுவி உட்டா தண்ணி ஓடணும்னு கட்டியிருக்காங்க. பென்சில வச்சிப் பாருங்க, அதுவும் போவும்."

தில்லைநாதன் பென்சிலை வைத்தார். போயிற்று.

"சரி, அது பென்சிலு. கோலிக்கு நாப்பதுன்னே போடுங்க. ஐயா வர்ற நேரத்துல என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுடாதீங்க."

"போடுறேன் சார். அவுரு கோலிய உட்டுப் பாத்தா?"

"அதிகாரிங்க எதுக்கு டீச்சர் கோலி உடுறாங்க?"

அமிர்தம் அழித்துவிட்டு நாற்பது போட்டார்.

மூன்று மணிக்கு வர வேண்டிய அன்பரசு நாலேகாலுக்கு வந்தார். இருபத்து நான்கு தாளிலும் ஒரே விடை. அகமகிழ்ந்தார்.

"இதான்யா விஞ்ஞானம்! யாரு செஞ்சாலும் ஒரே விடை வரணும்."

மகிழ்ச்சி மிகுந்துபோய் அவரே ஒரு கோலியை எடுத்து அட்டையில் விட்டார். கோலி அவர் பதவியைப் பொருட்படுத்தாமல் வராந்தாவுக்குப் போயிற்று.

"இன்னொன்னு குடுங்க."

அதுவும் போயிற்று.

"கோலி எங்க வாங்குனது?"

"திருப்பாதிரிப்புலியூர்லங்க ஐயா."

"அதான்."

அமிர்தத்துக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கையேட்டுல போட்டிருக்கறது எந்தத் தரையில உட்டுப் பாத்ததுங்க?"

"தரையா? ஆபீஸ்ல உக்காந்து நானே போட்ட கணக்கும்மா அது. ஒன்னுக்கு நாப்பதுன்னா மூணுக்கு நூத்தி இருவது வரலியா?"

"வருதுங்க ஐயா" என்றார் தில்லைநாதன், இருபத்து நான்கு பேருக்கும் சேர்த்து.

பார்வையாளர் பதிவேட்டில் அன்பரசு இரண்டு வரி எழுதினார்: 'பயிற்சி நன்று. கோலி தரமற்றது.' ஜீப் கிளம்பிவிட்டது.

இரண்டு வாரம் தில்லைநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. முதல் வரியை வைத்துத் தேர்வு செய்வார்களா, இரண்டாவது வரியை வைத்துக் கழித்துவிடுவார்களா?

"கோலியத்தான தரமில்லன்னாரு, ஒங்கள சொல்லலியே" என்று மனைவி சௌந்தரம் ஆறுதல் சொன்னாள்.

பட்டியல் வந்தது. தில்லைநாதன் பெயர் இருந்தது. மாவட்டத்துக்கு மூன்று இடம். விண்ணப்பித்திருந்ததும் மூன்று பேர்.