நின்றால் இலவசம்

என் மச்சினன் நீர்க்கசிவு ஆலோசகர். சுவரில் காதை வைத்தால் போதும், மூன்று மாடிக்கு மேலே எந்தக் குழாய் ஒழுகுகிறது, அதைச் சரியாக மூடாதவர் சோம்பேறியா கோபக்காரரா என்பதுவரை சொல்லிவிடுவான். நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டாலும் மீதி பெரிதுதான்.

எப்போது காசு கேட்பது என்பதுதான் அவனுக்குத் தலைவலி. பல் பிடுங்கும் டாக்டர்கூட, இவன் வாய்க்குள் இடுக்கியை விட்டுக்கொண்டே, “எங்க பாத்ரூம் சுவர்ல ஒரு ஈரம்...” என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டான். தான் நின்றபடி யோசனை சொன்னால் இலவசம். உட்கார்ந்துவிட்டால் கட்டணம்.

விஷயம் பரவியது. அவன் வருகிறான் என்றால் நாற்காலிகளை ஒளித்தார்கள். ஒரு கம்பெனியில் கூட்ட அறையையே காலி செய்துவிட்டு, இயக்குநர்கள் மதியம்வரை நின்றார்கள். ஒருவர் நின்றபடியே தூங்கினார். அடக்கமானவர் என்று அவருக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அவன் உட்கார மாட்டான். அக்காவிடம் காசு வாங்க மனசு வராது.

“கொக்கு மாதிரி நின்னுக்கிட்டே திங்கறியே, உக்கார்டா!” என்பாள் என் மனைவி.

“சட்டம்னா சட்டம்தான்கா. உனக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னா எவன் மதிப்பான்?”

தனி ஆள் அவன். ஓட்டல் சாப்பாடு, ஒற்றை அறை. அவனை எங்கள் மாடி அறைக்கே குடிவரச் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. நின்றுகொண்டு பேசுகிற விஷயமா அது? ஒருநாள் மேசைமேல் பணத்தை வைத்தாள்.

“இதான உன் ஃபீஸு? உக்காரு. மாடி ரூமைப் பத்திப் பேசணும்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தான். “காசு வாங்கிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாதுக்கா” என்று டார்ச்சோடு மாடிக்கு ஓடினான். ஒவ்வொரு சுவராகத் தட்டிக் கேட்டுவிட்டு இறங்கிவந்தான்.

“அந்த ரூம்ல மனுஷன் குடியிருக்க முடியாது. பேசாம பூட்டி வெச்சிடு.”

நான் வாயைத் திறந்தேன். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“சரிப்பா” என்றாள் அவள்.

அவன் பிறந்ததிலிருந்து ‘டா’ போட்டே கூப்பிட்டவள்.

பிறகு கொத்தனாரை வைத்து அந்த அறையை இடித்துப் பூசினாள். வேலை முடிவதற்குள் வேறு ஊரில் ஒரு கம்பெனி அவனை மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அங்கே நாள் முழுக்க நாற்காலியில்தான் வேலையாம்.

போன வாரம் வந்திருந்தான். மாடி அறைச் சுவரில் காதை வைத்தான்.

“சத்தமே இல்ல மாமா. அருமையான வேலை. யாருக்கு வாடகைக்கு விடப்போறீங்க?”

“உன்னை வந்து இருக்கச் சொல்லத்தான்யா அன்னிக்கு உங்கக்கா காசு குடுத்து உக்கார வெச்சா.”

காதைச் சுவரிலிருந்து எடுத்துச் சுற்றிப் பார்த்தான். அறையில் நாற்காலி இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கீழேயிருந்து அவள் குரல் கேட்டது.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா. கிளம்பலையா?”