பூரணி அனுப்பிய இரண்டு வொயிஸ்

என் மனைவி பூரணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மறுநாளே எங்கள் மாடு சிவப்பி பாலை அடக்கிக்கொண்டது. நான் எவ்வளவு நீவியும் மடி சுரக்கவில்லை. "வாடி தங்கம், இந்தா தின்னு" என்று ஒரு பிடி புண்ணாக்கை ஊட்டிவிட்டுத்தான் பூரணி கறக்க உட்காருவாள். மாடு அந்தக் குரலுக்குப் பழகிப்போயிருந்தது.

"மாட்டுக்கு ஒரு வொயிஸ் அனுப்பு புள்ள" என்று போனில் கேட்டேன். சிரித்துக்கொண்டே குரலைப் பதிந்து அனுப்பினாள். சிவப்பியின் காதருகே போட்டேன். பால் இறங்கியது! வட்டகொடைத் தோட்டத்திலேயே என்னைப்போல் மூளைக்காரன் இல்லை என்று லயத்து வீடுகள் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அதே மூளையை மகளிடமும் காட்டினேன். சுலக்ஷனாவுக்கு இரண்டு வயது. அவள் அழுதால் பூரணியின் இன்னொரு வொயிஸைப் போடுவேன். "சுலாக்குட்டி, அம்மா வந்துட்டேன் பாரு!" அழுகையை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடுவாள். அதற்குள் நான் கஞ்சியை ஆற்றிவிடுவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போட்டிருப்பேன், பாவி.

மூன்றாம் மாதம் பூரணியிடமிருந்து போன் வருவது நின்றது. அவளை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை. நாற்பது நாள் பைத்தியக்காரனாக அலைந்தேன்.

அப்போதுதான் சிவப்பி மறுபடி பாலை அடக்கியது. குரலைத் திரும்பத் திரும்பப் போட்டேன். காதைக்கூட ஆட்டவில்லை. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அம்மாக்கண்ணு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புண்ணாக்கு குடுக்கிறீங்களா அண்ணே?"

"கொரலுக்கே எறங்குதுன்னு விட்டுட்டேன்."

"வெறும் பேச்ச அது எத்தன நாளைக்கு நம்பும்?"

சுலாவும் இப்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவதில்லை. முதலில் ஓடினாள், பிறகு திரும்பி மட்டும் பார்த்தாள், இப்போது அதுவும் இல்லை. இத்தனை நாள் கண்ணெதிரே நடந்ததை நான் கவனிக்கவே இல்லை. இரண்டு வொயிஸையும் அன்றே அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பூரணிதான்.

"ஏங்க, இந்த வீட்டுல என் போன பறிச்சுட்டாங்க. வெளிய விடுறதில்ல. இது கூட வேலை செய்ற பொண்ணோட போன், ரெண்டு நிமிசந்தான். புள்ளகிட்ட குடுங்க. ஒரு தடவ அம்மான்னு சொல்லட்டும். அத வச்சுக்கிட்டு எப்படியாவது தாங்கிக்குவேன்."

சுலா தரையில் உட்கார்ந்து பால்மா டின்னுக்குள் கல் போட்டுக்கொண்டிருந்தாள். போனை அவள் காதில் வைத்தேன். பூரணி கூப்பிட்டாள்.

"சுலாக்குட்டி, அம்மா வந்துட்டேன் பாரு!"

அவள் இன்னொரு கல்லைப் போட்டாள். தோளைப் பிடித்து உலுக்கினேன். காலைக்கூடத் தொட்டுக் கெஞ்சினேன். "அம்மா சொல்லு தங்கம், ஒரே ஒரு தடவ."

"கேக்குதாங்க அவளுக்கு?" பூரணியின் குரல் உடைந்தது.

"தூங்குறா" என்றேன்.

சுலா தலையைத் தூக்கி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்: "அம்மா இல்ல. போனு."



"சரிங்க, வச்சிடுறேன்" என்றாள் பூரணி.