அடி தெரியும் ஏரி

வேலுவின் நாயை மேசையில் ஏற்றிய பத்தாவது நிமிடத்தில் அது செத்துப்போனது. மலேசியாவின் குளுவாங்கில் பதினோரு வருடமாக மிருக வைத்தியம் பார்க்கும் சிந்துஜா, இவ்வளவு வேகமாக ஓர் உயிர் போய்ப் பார்த்ததில்லை.

“எதையாவது தின்னுச்சா?”

“காலையில ஏரிக்குக் கூட்டிட்டுப் போனேன், டாக்டர். கரையில கிடந்த பாசியக் கடிச்சு இழுத்து விளையாடுச்சு. அவ்வளவுதான் லா.”

எலி மருந்தாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் வைப்பது வழக்கம். ஆனால் வயிற்றைத் திறந்தபோது வழவழவென்று கரும்பச்சையாக ஒரு பிடி வந்தது. வெளிநாடுகளில் தெளிந்த நீரோரம் நாய்கள் இப்படிப் பாசியைத் தின்று செத்ததைப் படித்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த ஏரியில் பத்து மணிக்குப் பிள்ளைகளின் நீச்சல் போட்டி. இப்போது மணி ஒன்பது ஐந்து.

நீச்சல் மன்றத் தலைவர் ஹேமநாதன் போனை எடுக்கவில்லை. அவள் காரை எடுத்தாள்.

மணல் தோண்டி விட்ட பழைய குழிதான் ஏரியாகியிருந்தது. கரை நிறையப் பெற்றோர்கள். சில பிள்ளைகள் கரையோரத் தண்ணீரில் கை கால் உதறிக்கொண்டிருந்தார்கள். விசிலோடு நின்ற ஹேமநாதன் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“தண்ணிய டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வாங்கியாச்சு, டாக்டர். அடியில கிடக்கிற கல்லுகூட தெரியுது, பாருங்க!”

“அதுதான் சார் பிரச்சினை. வெளிச்சம் அடிவரைக்கும் போறதால தரையிலேயே விரிஞ்சு வளருது. பாசி மாதிரி இருக்கும், ஆனா ஒருவகை பாக்டீரியா. சிலது விஷம். வெயில் ஏறினா குமிழி கட்டி, பெயர்ந்து மேல வரும்.”

“இதுதான்னு உறுதியா தெரியுமா?”

பக்கத்திலிருந்த பெற்றோர்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியாது,” என்றாள் சிந்துஜா. “தெரியிறதுக்குப் பத்து நாளாவது ஆகும்.”

“அப்ப ஒரு நாய் செத்ததுக்காக எம்பது பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பவா?”

அவள் பையைத் திறந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, தரையிலிருந்து ஒரு கற்றையைப் பிய்த்தெடுத்தாள். ஈரச் சாக்குபோலக் கனத்தது.

“அப்பா, எனக்கும் கிடைச்சுச்சு!”

ஹேமநாதனின் மகள்தான். நீரில் மிதந்து வந்த ஒரு துண்டை வளையல்போல மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். அதே கையால் உதட்டைத் துடைத்தாள்.

ஹேமநாதன் உடுப்போடு தண்ணீரில் பாய்ந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறியவர், குழாயடியில் அவள் வாயையும் கையையும் கழுவிக் கழுவி விட்டார். பிறகுதான் விசிலை ஊதினார். நீளமாக, மூச்சு முட்டும்வரை.

உதடு மரத்துப்போகிறது என்று சிந்துஜாவின் காரில் பிள்ளை சொன்னாள். மருத்துவமனையில் சாயங்காலம்வரை வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை அவள் கண் செருகும்போதும் ஹேமநாதன் தட்டி எழுப்பினார். வெறும் தூக்கம்தான். ஆறு மணிக்குக் குடிக்க மைலோ கேட்டாள். சிந்துஜா வெளியே போய், சுவரில் சாய்ந்து அழுதாள்.

பன்னிரண்டாம் நாள், சிந்துஜா ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்த மாதிரிகளின் ரிப்போர்ட் வந்ததும் ஹேமநாதன் போன் செய்தார். “ஏரித் தண்ணியில விஷம் இல்லன்னு வந்திருக்கே, டாக்டர்?”

“அடுத்த பக்கத்தையும் பாருங்க. நாய் வயித்துல இருந்ததும் ஏரித் தரையில எடுத்ததும் ஒண்ணுதான். நரம்பைத் தாக்குற விஷம்.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. “போட்டிக்கு முன்னாடி நான் தண்ணிய மட்டும்தான் டெஸ்டுக்குக் கொடுத்தேன்,” என்றார் கடைசியில்.

சனிக்கிழமை இருவரும் சேர்ந்து கரையில் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேன் வந்து நின்றது. பிள்ளைகள் துண்டுகளோடு இறங்கி, நேரே தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். ஹேமநாதன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குறுக்கே ஓடினார்.